உலைக் கதவின் உட்புறம் வைத்த பொட்டு

1

ஆயுத பூஜை இங்கே வேலை நாள். குறையாகச் சொல்லவில்லை. ஜெர்மானியர்களுக்கு அது இன்னொரு வியாழக்கிழமை. ஏழு பத்துக்குப் பேருந்து, ஏழரைக்கு ஆய்வுக்கூடம், பத்தரைக்குக் கறுப்புக் காப்பி. நான் மட்டும் அன்றைக்குக் கைப்பையில் குங்குமச் சிமிழை வைத்துக்கொண்டு, ஏதோ கடத்தல் சரக்கைக் கொண்டுபோகிறவள் மாதிரி பேருந்தில் உட்கார்ந்திருப்பேன்.

ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பாலிடெக்னிக் முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். வேலை பார்த்தபடியே மாலை வகுப்பில் பொறியியல் படித்தேன். மேல்படிப்புக்கு என்று இந்த ஊருக்கு வந்து, வந்த இடத்திலேயே தங்கிவிட்டேன். வந்து பதின்மூன்று வருடம் ஆகிறது. அதில் பதினோரு வருடம் இதே ஆய்வுக்கூடம், இதே உலை, உலைக்குப் பக்கத்தில் இதே ஹோல்கர்.

ஹோல்கர் எங்கள் கூடத்தின் மூத்த தொழில்நுட்பர். ஓய்வுபெற இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. அதிகம் பேசமாட்டார். நான் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், என் பழைய பனிக்காலணி கிழிந்துபோய், துணிச் செருப்போடு பனியில் நடந்து வந்ததைப் பார்த்திருக்கிறார். மறுநாள் என் மேசையில் ஒரு பை இருந்தது. உள்ளே அவர் மனைவியின் பனிக்காலணி, எண்ணெய் போட்டுத் துடைத்தது. "அளவு சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். சரியாகத்தான் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் மூன்று குளிர்காலங்களைத் தாண்டினேன்.

அந்த மனிதருக்கு இந்த வருடம் நான் செய்ததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

என் வேலையை ஊரில் யாராவது விசாரித்தால், எலும்புக்குச் சாரம் கட்டுகிறேன் என்பேன். மாங்காட்டில் இருக்கும் அத்தை ஒருமுறை முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ஏம்மா, இவ்ளோ படிச்சுட்டுக் கொத்தனார் வேலைக்கா போற?" என்று கேட்டாள். ஏறக்குறைய அதுதான் அத்தை என்றேன்.

கட்டடம் எழும்பும்வரை சவுக்குக் கட்டைச் சாரம் ஆட்களைத் தாங்கும். எழும்பியதும் பிரித்துவிடுவார்கள். எங்கள் சாரமும் அப்படித்தான். விபத்திலோ நோயிலோ எலும்பில் பெரிய இடைவெளி விழுந்துவிட்டால் அது தானாகச் சேராது. அந்த இடைவெளியில் நுண்ணிய துளைகள் நிறைந்த ஒரு துண்டை வைக்கிறோம். உடம்பின் செல்கள் அந்தத் துளைகளில் ஏறிப் புது எலும்பை வளர்க்கும். வளர வளர, துண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும். பிரிக்க ஆள் வேண்டாம்.

செய்முறை சமையல் மாதிரிதான். எலும்பில் இருக்கும் அதே கால்சியம் உப்பைத் தோசை மாவுப் பதத்தில் கரைக்கிறோம். அதில் பஞ்சு போன்ற நுரைத்துண்டை முக்கி, பிழிந்து, உலர்த்தி உலையில் வைத்தால் நுரை எரிந்து போய்விடும். அதன் வடிவத்தில் மாவு மட்டும் இறுகி நிற்கும். சொல்ல எளிது. துளை சிறியதாகிவிட்டால் இரத்தம் உள்ளே போகாது. பெரியதாகிவிட்டால் துண்டு கையிலேயே பிஸ்கட்டாக நொறுங்கும். உறுதியும் வேண்டும், துளையும் வேண்டும் என்ற இந்த இழுபறியில்தான் என் பதினோரு வருடம் போயிருக்கிறது. மாவில் எதைச் சேர்ப்பது, எவ்வளவு மெதுவாகச் சூடேற்றுவது என்று மாற்றி மாற்றிப் பார்த்துக் கடைசியில் ஒரு கலவை பிடிபட்டது.

இந்த வேலைக்கு நான் வந்ததற்கு அப்பாவின் இடுப்புதான் காரணம். நான் பாலிடெக்னிக் படிக்கும்போது நசரத்பேட்டை பக்கம் அவருடைய மொபெட்டை ஒரு லாரி இடித்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு சிதறியது. இடைவெளியை நிரப்ப அவருடைய இடுப்பிலிருந்தே எலும்பைச் சுரண்டி எடுத்து வைத்தார்கள். கால் நன்றாகச் சேர்ந்துவிட்டது. எலும்பை எடுத்த இடுப்புதான் ஒரு வருடத்துக்கு மேல் வலித்தது. அப்பா விருதுநகர்ப் பக்கத்துக்காரர், வலியிலும் கணக்காகப் பேசுவார். "கால ஒடைச்சது லாரிக்காரன். இடுப்ப நாமளே கையெழுத்துப் போட்டு ஒடைச்சுக்கிட்டோம்" என்பார். ஒரு காயத்தை ஆற்ற இன்னொரு காயம் வேண்டியிருப்பது எனக்கு அன்றிலிருந்தே பிடிக்கவில்லை.

இந்த வருடம்தான் எங்கள் துண்டுகள் முதன்முறையாக மனிதர்களுக்குப் போக இருந்தன. பக்கத்து நகர மருத்துவமனையில் பேருந்து ஓட்டும் ஓர் அம்மாவின் கால் எலும்பு காத்திருந்தது. அவருக்கான துண்டுகளை உலையில் வைக்கும் நாள் ஆயுத பூஜையன்று அமைந்தது.

3

அம்பத்தூரில் நான் வேலை பார்த்தது ஒரு சின்னத் தொழிற்கூடம். உலோகப் பொடியை அச்சில் அழுத்தி, உலையில் வைத்து, மோட்டார் தண்டு சுழல்வதற்கான புஷ் என்ற வளையங்கள் செய்வோம். அங்கே உலை சலீமின் பொறுப்பு. பூந்தமல்லிக்காரன், என் வயதுதான், ஐந்து வேளைத் தொழுகையை விடாதவன். ஆயுத பூஜையன்று சூடம் காட்டும்போது கொஞ்சம் தள்ளி நிற்பான். ஆனால் அதற்கு முன்னால் மெஷின்களைக் கழுவி மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பது, கேட்டில் வாழைக்கன்று கட்டுவது, பொரியும் கடலையும் பொட்டலம் போடுவது எல்லாம் அவன்தான். வேறு யாராவது கை வைத்தால் கோபம் வரும். டிப்ளமா படித்துவிட்டு வந்தவள் என்பதால் எனக்கு அவன் வைத்த பெயர் டிப்ளமா. எஞ்சினியர் ஆனபிறகும் அந்தப் பெயர் மாறவில்லை.

அன்றைக்கு எஸ்டேட் முழுக்கச் சத்தமே இருக்காது. தெருவில் பூசணிக்காய் உடைத்த சிவப்பும் சாம்பிராணிப் புகையும்தான். வருடம் முழுக்க இரைந்துகொண்டிருந்த பிரஸ்களெல்லாம் சந்தனம் பூசி உட்கார்ந்திருக்கும். அந்த ஒரு நாள் அமைதிக்காகவே எனக்கு அந்தப் பண்டிகை பிடிக்கும்.

இங்கே வந்தபிறகு வாழைக்கன்றுக்கு எங்கே போவது? உலைக் கைப்பிடிக்குக் கீழே, யார் கண்ணிலும் படாத இடத்தில், ஒரு சின்னப் பொட்டு வைப்பேன். அவ்வளவுதான் என் பூஜை. ஹோல்கர் தினமும் காலையில் நீலத் துணியால் உலையைத் துடைப்பவர். மறுநாள் பொட்டு இருக்காது. அவரும் எதுவும் கேட்டதில்லை, நானும் எதுவும் சொன்னதில்லை. பத்து வருடம் இப்படியே போனது.

இந்த வருடம் எனக்குப் பேராசை வந்துவிட்டது. மனிதருக்குப் போகிற முதல் துண்டுகள், பொட்டு துடைபடக் கூடாது என்று தோன்றியது. மருத்துவமனைக்காரர்கள் வேறு பார்வையிட வருவதாக இருந்தார்கள். வெளியே இருந்தால் கண்ணில் படும். காலை ஏழே முக்காலுக்கு, ஹோல்கர் உடை மாற்றப் போயிருந்த நேரத்தில், உலைக் கதவைத் திறந்து, உட்புறச் செங்கல்லின் ஓரத்தில் மோதிர விரலால் வைத்தேன். பயபக்தியோடு கண்ணையும் மூடிக்கொண்டேன். பொடியை வைத்துப் பதினேழு வருடம் பிழைத்தவளுக்கு, பொடி சூட்டில் உதிரும் என்று அந்த நிமிடம் தோன்றவில்லை. பத்து மணிக்குத் துண்டுகளை அடுக்கி உலையை ஓட்டினோம்.

4

சனிக்கிழமை உலை ஆறியிருந்தது. திங்கட்கிழமை திறந்தோம். பின் வரிசைகள் பால் மாதிரி வெள்ளை. கதவை ஒட்டிய முன் வரிசையில் மட்டும் ஐந்து துண்டுகளில் தவிட்டு நிறத்தில் புள்ளிகள். சோதித்ததில் இரும்பு என்று வந்தது.

எங்கள் குழுத் தலைவி ஆன்யா கோபத்தில் குரலை உயர்த்துகிறவர் இல்லை, தாழ்த்துகிறவர். இரண்டு வாரத்துக்கு முன்னால் கதவுச் செங்கல்லை மாற்றியது யார் என்று மெல்லக் கேட்டார். மாற்றியது ஹோல்கர். பழைய போல்ட்டுகளின் துரு உள்ளே விழுந்திருக்குமோ? சரியாகச் சுத்தம் செய்தாரா? ஹோல்கர் தன் பணிப் புத்தகத்தை எடுத்துவந்து, அன்றைக்கு என்னென்ன செய்தார் என்று வரிவரியாகப் படித்துக் காட்டினார். கடைசி வரியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். பிறகு, "நான் எதையாவது கவனிக்காமல் விட்டிருக்கலாம். வயதாகிறது" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். மலிவுக் குங்குமத்தில் செம்மண் இருக்கும், செம்மண்ணில் இரும்பு இருக்கும்; அது என் பொட்டுதான் என்று எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. வாய் மட்டும் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே என் வேலை ஒப்பந்த வேலை, இத்தனை வருடமும் புதுப்பித்துப் புதுப்பித்து ஓடியது. அதை நிரந்தரமாக்குவது பற்றி அடுத்த மாதம் முடிவு சொல்வதாக இருந்தார்கள். குடியுரிமைக்கு வேறு விண்ணப்பித்திருந்தேன். அந்த அலுவலகத்து அம்மாவுக்கும் எனக்கும் நீண்ட உறவு. முதல் வருடம் அவரை நான் ஒருமையில் 'நீ' என்று கேட்டுவைத்து, அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. ஒவ்வொரு முறை போகும்போதும் இன்னும் ஒரு காகிதம் குறையும். வாடகை ஒப்பந்தம், மகளின் பள்ளிச் சான்று, நான் பிறந்த சான்றின் மொழிபெயர்ப்பு, அந்த மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்ப்பாளர்தான் என்பதற்கு ஒரு சான்று. எல்லாம் கொடுத்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது நிரந்தர வேலைக் கடிதம் ஒன்றுதான்.

மறுநாள் ஆன்யா சொன்னது என்னை இன்னும் கலக்கியது. "முன் வரிசையை எறிந்துவிடுவோம். பின் வரிசைகள் சோதனையில் தேறிவிட்டன. அவற்றை மருத்துவமனைக்கு அனுப்பலாமா என்று வெள்ளிக்கிழமை முடிவு செய்வோம்."

சோதனையில் தேடியது எங்களுக்குத் தெரிந்த பொருள்களை. கடையில் வாங்கிய குங்குமத்தில் என்னென்ன சாயம் கலந்திருக்கிறது என்று எனக்கே தெரியாது. அந்த உலையில் அது எரிந்தது என்று தெரிந்த ஒரே ஆள் நான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தத் துண்டுகள் ஓர் அம்மாவின் காலுக்குள் போகும், ஹோல்கர் தலைகுனிந்தபடி ஓய்வுபெறுவார், எனக்குக் கடிதம் வரும்.

5

புதன்கிழமை விடுப்பு போட்டேன். பன்னிரண்டு வயது மகள் இனியாவும் பல்வலி என்று வீட்டில் இருந்தாள். கணவருக்கு வேறு நகரத்தில் வேலை, வார இறுதியில்தான் வருவார். அவரிடம் சொன்னால் பதறுவார் என்று சலீமைக் கூப்பிட்டேன். அவன் இப்போது அம்பத்தூரிலேயே சொந்தமாக ஒரு சின்ன உலை வைத்திருக்கிறான். அங்கே மத்தியானம், பின்னால் பிரஸ் இரைச்சல் கேட்டது.

"இன்னா டிப்ளமா, பக்ரீதுக்குத்தான் போன் வரும், இப்போ இன்னா விசேஷம்?"

சொன்னேன். பிரஸ்ஸை நிறுத்தச் சொல்லி யாரையோ அதட்டினான்.

"உள்ளயா வெச்ச?"

"ஆமா."

"இன்னா டிப்ளமா நீ! உள்ள எவனாச்சும் வெப்பானா? நம்ம கம்பெனில எங்க வெப்போம்? பேனல் மேல, வெளிக்கதவு மேல. அன்னிக்கு மெஷின் ஓடுமா?"

"ஓடாது."

"மறுநாள் காலைல நான் இன்னா பண்ணுவேன்?"

"ஈரத்துணியால தொடப்ப."

"தொடச்சிட்டுத்தான சுச்சு போடுவேன்? நீ பொட்டும் வெச்சிகினு, அன்னிக்கே ஓட்டவும் ஓட்டிகினு... மெஷினுக்கு லீவும் குடுக்காம உனக்குப் பூஜையும் வோணுமா?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஹோல்கரைச் சந்தேகப்படுகிறார்கள் என்பதையும் சொன்னேன். சலீமின் குரல் மாறிவிட்டது.

"அந்தப் பெரிய மனுசன் தலைல பழி கீது. நீ இன்னாத்துக்கு எங்கிட்ட பேசிகினு கீற? அவராண்ட போய்ப் பேசு, போ."

போனை வைத்தபோது இனியா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டிருக்கிறது. இவளைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு குறை உண்டு. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். பட்டுப்பாவாடை அரிக்கிறது என்பாள். நவராத்திரியை 'உங்க ஃபெஸ்டிவல்' என்பாள். என் கையிலிருந்து இவள் நழுவிக்கொண்டே போகிறாள் என்று அழுதிருக்கிறேன்.

அன்றைக்கு அவள் தமிழில்தான் பேசினாள்.

"அம்மா, அது நீதான்னு ஏன் சொல்லல?"

"சொன்னா வேலை போயிடலாம்டா. அந்த லெட்டர் வராது."

"ஆனா அது நீதானே?"

அவளுக்கு அதில் குழப்பமே இல்லை. நீ செய்தாய், நீ சொல்ல வேண்டும், நடுவில் வேறு என்ன இருக்கிறது என்பதுபோல நின்றாள். இந்த நேர்மையை நான் சொல்லிக் கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இந்த ஊரும் பள்ளியும் கொடுத்திருக்கலாம், அவளோடேயே வந்திருக்கலாம். எங்கிருந்து வந்திருந்தாலும் சரி, எனக்கு அன்றைக்கு அது தேவையாக இருந்தது. அவளைக் கட்டிக்கொண்டேன். பல்லில் இடித்துவிட்டேன் போலிருக்கிறது, கத்தினாள்.

6

வியாழக்கிழமை காலை ஆன்யாவின் அறையில், ஹோல்கரையும் வைத்துக்கொண்டு சொன்னேன். முதல் நாள் மாலை முழுக்க ஜெர்மனில் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே எல்லாம் மறந்துவிட்டது. சிமிழை மேசையில் வைத்து, இதுதான், உள்ளே வைத்தேன், நான்தான் என்றேன்.

ஆன்யா சிமிழைத் திறந்து பார்த்தார். "வாங்கிய இடம், உட்பொருள்கள் தெரியுமா?" என்று கேட்டார். ஆவடி மார்க்கெட், தெரியாது என்றேன். அன்றைக்கே குங்குமத்தைச் சோதனைக்கு அனுப்பினார்கள். செம்மண் பொடியோடு பெயர் தெரியாத இரண்டு சாயங்களும் இருந்தன. எல்லாத் துண்டுகளையும் எறிந்தோம். மருத்துவமனைக்கு ஆன்யாவே பேசினார். அந்த ஓட்டுநர் அம்மா இன்னும் நான்கு வாரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவருக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினேன். நோயாளியோடு நேரடித் தொடர்பு கூடாது என்று அந்தக் கடிதத்தை அனுப்ப விடவில்லை.

அன்றைக்கு நான் சொல்லி முடித்ததும் ஹோல்கர் எழுந்து வெளியே போனார். அடுத்த மூன்று வாரமும் வேலைக்கு வேண்டிய சொற்களைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. உலையை முழுக்கப் பிரித்து, ஒவ்வொரு செங்கல்லாகக் கழுவி, மறுபடி கட்டினார். உதவிக்குப் போனால், "தேவையில்லை, நன்றி" என்பார். அந்த நன்றியைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

அந்த நாட்களில் நிர்வாகத்திலிருந்து ஒரே உறையில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று எச்சரிக்கை. இன்னொன்று, என் வேலையை நிரந்தரமாக்கியிருப்பதாக. இரண்டிலும் ஒரே கையெழுத்து, ஒரே தேதி. அப்பாவிடம் போனில் படித்துக் காட்டினேன். "திட்டிட்டுச் சோறும் போடுறாங்க. நல்ல மனுசங்கம்மா, விட்றாத" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிழையை மறைக்காதவளைத் துரத்திவிடாத இடத்தில் வேலை கிடைத்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் எல்லாருக்கும் சொன்னேன். சலீமுக்கும் சொன்னேன். "நான் இன்னா பண்ணேன், வெய் போன" என்றான்.

புதுத் துண்டுகளை உலையிலிருந்து எடுத்த காலை, நானும் ஹோல்கரும் மட்டும் இருந்தோம். முன் வரிசை, பின் வரிசை எல்லாம் வெள்ளை. ஒரு துண்டை அவர் இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தட்டில் வைத்துவிட்டு உலைக் கைப்பிடிக்குக் கீழே விரலை நீட்டினார்.

"ஒவ்வொரு வருடமும் இங்கே ஒரு சிவப்புப் புள்ளி வருமே. அதுவும் நீங்கள்தானா?"

"ஆமாம்."

"நான் துரு என்று நினைத்தேன். இலையுதிர் காலத்து ஈரத்துக்கு அந்த இடம் மட்டும் துருப்பிடிக்கிறது என்று பத்து வருடமாக எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"இந்த முறை ஏன் உள்ளே வைத்தீர்கள்?"

"வெளியே வைத்தால் நீங்கள் துடைத்துவிடுவீர்கள் என்றுதான்."

ஹோல்கர் நீலத் துணியை நான்காக மடித்தார். மடித்ததை மறுபடி பிரித்தார். என்னைப் பார்த்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

"துடைக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் துடைத்திருக்க மாட்டேனே" என்றார்.